முதல் மூன்று நாள் குழாயைத் திறக்காதீர்கள்

வணக்கம் நேயர்களே.

வேலையிலிருந்து ஓய்வெடுத்த கையோடு, கணவனும் மனைவியுமாக, பாவித்த மோட்டார் ஹோம் (எஞ்சினோடு ஓடும் வீடு) ஒன்றை வாங்கிக்கொண்டு, பனி முடியும்வரை தெற்கே போய்த் தங்கியிருக்கலாம் என்று யோசிக்கிறவர்களுக்காக இன்றைக்குக் கதைக்கிறேன். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது சரிதான். ஆனால் ரொறன்ரோவில் தை பிறக்கும்போது அந்த வழி முழுக்க உப்புப் போட்டுக் கிடக்கும்.

புளோரிடாக் கடற்கரையைப் பற்றிச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது அங்கே போய்ச் சேருவதற்கு முந்திய மூன்று நாளைப் பற்றி. பழுது என்றதும் எல்லாரும் எஞ்சினைத்தான் நினைப்பார்கள். ஒழுங்காகப் பராமரித்த எஞ்சின் பெரும்பாலும் ஓடிவிடும். எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிற வீடுதான் குளிரில் கரைச்சல் தரும்.

வழி உங்களுக்குத் தெரிந்ததுதான். 401-இல் வின்சர், எல்லை தாண்டினால் டிட்ரொயிட், அங்கிருந்து 75-ஆம் நெடுஞ்சாலையில் டொலீடோ, சின்சினாட்டி, லெக்சிங்டன், நொக்ஸ்வில், சற்றனூகா, அற்லாண்டா. அற்லாண்டா வரைக்கும் ஆயிரத்தைந்நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். ஒரு நாளைக்கு ஐந்நூறு, அதுவும் பகல் வெளிச்சத்தில் மட்டும் என்று வைத்துக்கொண்டால் மூன்று நாள். இந்த மூன்று நாளும் இரவில் பூச்சியத்துக்குக் கீழே போகும் என்று எண்ணியே வெளிக்கிடுங்கள். அரிசோனாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: வரைபடத்தில் 40-ஆம் நெடுஞ்சாலை நேராகத் தெரியும், ஆனால் அது ஏறிப் போகிற ஃபிளாக்ஸ்ராஃப் கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றர் உயரம். அங்கே பனி கொட்டும். ரெக்சாஸ் வழியாகக் கீழே இறங்கி 10-ஆம் நெடுஞ்சாலையைப் பிடியுங்கள்.

முதலில் தண்ணீர். உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ 9 வீதம் பெருக்கும். ஓடும் வீட்டுக்குள் இருக்கிற பெக்ஸ் என்ற பிளாஸ்ரிக் குழாய் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். வெடிப்பது குழாய் இல்லை, அதன் மூட்டுகள், பம்புக்கு முன்னால் உள்ள வடிகட்டியின் பிளாஸ்ரிக் கிண்ணம், கழிப்பறையின் தண்ணீர் வால்வு, வெளிப்பக்கத்து ஷவர். அதனால் ஒன்ராறியோவில் குளிருக்காக வற்றவைத்த வண்டியை அப்படியே வற்றிய நிலையில்தான் ஓட்ட வேண்டும். வீட்டு வாசலில் தாங்கியை நிரப்பிக்கொண்டு வெளிக்கிடுவதைப் போன்ற பிழை வேறில்லை. 150 லீற்றர் தண்ணீர் என்றால் 150 கிலோ, அதையும் சும்மா சுமக்கிறீர்கள்.

வற்றவைப்பது என்றால் தாங்கியைத் திறந்துவிடுவது மட்டும் இல்லை. சுடுதண்ணீர்த் தாங்கியை ஆறவிட்டு, அழுத்தத்தை விட்டு, அடைப்பைக் கழற்றி வடிக்க வேண்டும். சபர்பன் கம்பனித் தாங்கியில் அந்த அடைப்போடே அனோட் கம்பியும் சேர்ந்து வரும், தாங்கி துருப்பிடிக்காமல் தான் கரைகிற கம்பி அது. முக்கால்வாசி கரைந்திருந்தால் புதிது போடுங்கள். குழாய்களில் மிச்சமிருக்கிற தண்ணீர் உறைந்து உடைக்காமல் இருக்க அன்ரிஃப்றீஸ் திரவத்தை ஏற்ற வேண்டும். அதற்கு முன்னம் பைபாஸ் வால்வைத் திருப்பிச் சுடுதண்ணீர்த் தாங்கியை ஒதுக்கிவிட வேண்டும். இதை மறந்தால் 23 லீற்றர் அன்ரிஃப்றீஸ் அந்தத் தாங்கிக்குள் போய்விடும். ஒதுக்கிவிட்டால் எட்டிலிருந்து பன்னிரண்டு லீற்றர் போதும். பம்பின் உறிஞ்சு குழாயைக் கலனுக்குள் விட்டு, ஒவ்வொரு குழாயாகச் சூடு, குளிர் இரண்டு பக்கமும் இளஞ்சிவப்பு நிறம் வரும்வரை திறவுங்கள். கழிப்பறையையும் வெளி ஷவரையும் மறக்க வேண்டாம். வாங்குவது புரொப்பிலீன் கிளைக்கோல் வகையாக இருக்க வேண்டும். காருக்கு ஊற்றுகிற எதிலீன் கிளைக்கோல் நஞ்சு, குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கடுங்குளிரில் இளஞ்சிவப்பு வகையும் சேறுபோல இறுகும், ஆனால் குழாயை உடைக்காது.

அப்போ மூன்று நாளும் என்ன செய்வது? குடிக்கவும் சமைக்கவும் 20 லீற்றர் கலன் ஒன்று, மனிதர் இருக்கிற அறைக்குள். கழிப்பறைக்கு ஒரு போத்தலில் அதே அன்ரிஃப்றீஸ், ஒவ்வொரு தடவையும் ஒரு கோப்பை. குளிப்பு வழியில் உள்ள ட்ரக் நிறுத்தங்களில், காசு கொடுத்து. இன்னொன்று: தாங்கி வெறுமையாக இருக்கும்போது சுடுதண்ணீரின் மின்சார ஹீற்றர் சுவிச்சைத் தவறிப் போட்டால் உள்ளிருக்கிற எலிமென்ற் உடனே எரிந்துவிடும். அந்தச் சுவிச்சின் மேல் ஒரு துண்டு ரேப் ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது ஃபர்னஸ், புரொப்பேன் வாயுவை எரித்து வீட்டைச் சூடாக்குகிற சாதனம். நடு இரவில் ஒஹாயோவில் நின்றுபோவது இதுதான். நின்றதும் ஃபர்னஸ் பழுது என்று முடிவு கட்டுகிறார்கள். பல நேரம் பழுது வீட்டுப் பக்கத்துக்கு மின்சாரம் தருகிற பற்றறியில்.

அது வேலை செய்கிற ஒழுங்கைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். தேர்மோஸ்ரற் சூடு கேட்கும். முதலில் விசிறி சுழலும். அந்தக் காற்றில் சின்னத் தகடு ஒன்று அசைந்து ஒரு சுவிச்சை மூடும், அதைப் பாய்ச் சுவிச் என்று வைத்துக்கொள்வோம். அது மூடினால்தான் வாயு வால்வு திறந்து பொறி தட்டும். பற்றறி இளைத்து 11 வோல்ற்றுக்குக் கீழே வந்தால் விசிறி சுழலும், ஆனால் மெதுவாகச் சுழலும். தகடு அசையாது. நெருப்பு வராது. குளிர்காற்று மட்டும் அடித்து, மிச்சமிருக்கிற பற்றறியையும் குடித்துவிடும்.

கணக்குப் பாருங்கள். விசிறி ஏறத்தாழ 8 அம்பியர் இழுக்கும். மைனஸ் 10 இரவில் பன்னிரண்டு மணித்தியாலத்தில் பாதி நேரம் ஓடினால் 48 அம்பியர் மணி. வண்டியோடு வருகிற ஒற்றை ஈயப் பற்றறி 80 அம்பியர் மணி என்றால், அதைக் கெடுக்காமல் எடுக்கக்கூடியது பாதி, 40. விடிய முன்னம் முடிந்துவிடும். கோல்ஃப் வண்டிக்குப் போடுகிற 6 வோல்ற் பற்றறி இரண்டைத் தொடராகப் பூட்டினால் 220 அம்பியர் மணி வரும். இந்தப் பயணத்துக்கு வேறெதற்குச் செலவழிக்காவிட்டாலும் இதற்குச் செலவழிக்கலாம். லித்தியம் வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கேளுங்கள்: பூச்சியத்துக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பற்றறி பழுதாகும். வெளிப்பெட்டிக்குள் வைப்பதென்றால் சூடாக்கி உள்ள வகையாக இருக்க வேண்டும். ஈயப் பற்றறி நிறைந்திருந்தால் எங்கள் குளிரில் உறையாது, வெறுமையாக இருந்தால் மைனஸ் 7 வாக்கிலேயே உறைந்து வெடிக்கும்.

வாயு கணக்கும் சொல்லிவிடுகிறேன். 30,000 பி.ரி.யு (வெப்பத்தின் அளவு) ஃபர்னஸ் தொடர்ந்து எரிந்தால் மணிக்கு ஒன்றேகால் லீற்றர் புரொப்பேன். அதே இரவுக்கு ஏழரை லீற்றர்.

சரி, இரவு இரண்டு மணிக்கு நின்றுவிட்டது. விசிறி சுழலும்போதே வோல்ற் அளக்கிற மல்ற்றிமீற்றரைப் பற்றறி முனையில் வையுங்கள். 11-க்குக் கீழே என்றால் எஞ்சினையோ ஜெனரேற்றரையோ ஓட்டுங்கள், ஃபர்னஸைத் தொட வேண்டாம். பனிக்குள் நிற்கும்போது ஓட்டுவதென்றால் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை முதலில் வெட்டி அகற்றுங்கள். வோல்ற் 12-க்கு மேலே இருந்தும் நெருப்பு வரவில்லையா? அடுப்பைப் பற்றவைத்துப் பாருங்கள். அடுப்பும் எரியாவிட்டால் வாயு வரவில்லை, தாங்கி வால்வை மூடி மிக மெதுவாகத் திறவுங்கள். அவசரமாகத் திறந்தால் உள்ளிருக்கிற பாதுகாப்புத் தடை விழுந்து வாயு கசிகிற அளவில்தான் வரும். அடுப்பு நன்றாக எரிந்தும் ஃபர்னஸ் எரியாவிட்டால் பாய்ச் சுவிச்சில் தூசி, நாய்மயிர், அல்லது வெளிக்குழாயில் குளவிக் கூடு. பொறி தட்டுகிறது, நெருப்பும் பிடிக்கிறது, சில விநாடியில் அணைகிறது என்றால் நெருப்பை உணர்கிற கம்பியையும் சர்க்கிற் போர்ட்டின் முனைகளையும் பாருங்கள். வாயுவையும் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு, பென்சில் அழிறப்பரால் முனைகளைத் துடைத்தாலே பல தடவை சரிவரும். கசிவு இருக்கிறதா என்று சவர்க்கார நுரை போட்டுப் பார்ப்பது உங்கள் வேலை. வாயுவின் அழுத்தத்தைச் சீராக்குகிற றெகுலேற்றரைத் திருகுவது உங்கள் வேலை இல்லை, அதை உரிமம் உள்ளவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

எஞ்சின் ஓடும்போது வீட்டுப் பற்றறி சார்ஜ் ஆகிறதா என்று வெளிக்கிட முன்னமே பாருங்கள். எஞ்சின் நின்றிருக்க 12.6 காட்டினால், ஓடும்போது 13.5-க்கு மேலே காட்ட வேண்டும். ஏறாவிட்டால் பழுது எஞ்சின் பற்றறிக்கும் வீட்டுப் பற்றறிக்கும் இடையில் உள்ள சொலினொயிட் என்ற மின்சுவிச், அதன் ஃபியூஸ், அல்லது சட்டகத்தில் பூட்டிய எர்த் வயரின் ஆணி. உப்பு முதலில் தின்பது அந்த ஆணியைத்தான். கழற்றி, கம்பித் தூரிகையால் மினுங்கத் தேய்த்து, திரும்பப் பூட்டுங்கள். ஜெனரேற்றர் உருண்டும் பற்றாவிட்டால் பெற்றோல் மானியைப் பாருங்கள். தாங்கியில் காற்பங்குக்குக் கீழே போனால் அதற்குப் பெற்றோல் ஏறாது. நீங்கள் தெருவில் வற்றிப்போய் நிற்கக்கூடாது என்று வேண்டுமென்றே குழாயை அவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஃபர்னஸ் புகையை வெளியே தள்ளும், உள்ளே ஈரம் சேர்க்காது. உள்ளே வைத்து எரிக்கிற சிறிய புரொப்பேன் ஹீற்றர் அப்படி இல்லை: ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக உள்ளேயே நிற்கும். அதோடு சோறு வடிக்கிற ஆவி, இரண்டு பேருடைய மூச்சு. விடிய மெத்தைக்குக் கீழே கை வைத்தால் தெரியும். கூரைத் துவாரத்தை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள், குளிர் வந்தாலும் பரவாயில்லை. கார்பன் மொனொக்சைட் அலாரத்தின் பின்பக்கத்தில் காலாவதித் திகதி இருக்கும். பாவித்த வண்டியில் அது எப்போதோ முடிந்திருக்கும்.

ரயருக்கு வருகிறேன். பல மோட்டார் ஹோம்களுக்கு அடியில் இருக்கிற ஃபோர்ட் ஈ-450 சட்டகத்தில் 80 பி.எஸ்.ஐ (காற்றழுத்த அளவு) வரை ஏற்றலாம். கராஜுக்குள் 20 பாகையில் 80 வைத்தால், வெளியே மைனஸ் 10-இல் அது 70. ஓட முன்னம், ரயர் ஆறியிருக்கும்போது அளந்து ஏற்றுங்கள். தெற்கே போய்ச் சூடு கூடும்போது திரும்ப அளந்து குறையுங்கள். பின்னால் இரட்டை ரயர். உள் ரயரின் வால்வுக்குக் கை எட்டாது என்று விட்டுவிடுகிறார்கள். உள்ளது இறங்கினால் முழுப் பாரமும் வெளி ரயரில், இரண்டும் போகும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆம் கிழமை செய்தது. பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும், ஏழு வருடம் தாண்டினால் நான் அதை நம்பமாட்டேன். சில்லுக் கழற்றிப் பூட்டினால் 160 கிலோமீற்றருக்குள் நட்டுகளை அளவான இறுக்கத்துக்குத் திரும்ப இறுக்குங்கள்.

கென்ரக்கியிலிருந்து ரெனசிக்குள் நுழைகிற ஜெலிக்கோ மலையில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே இறங்க வேண்டாம். கியரைக் குறைத்து எஞ்சினிடம் விடுங்கள். பிரேக் மணக்கிறது என்றால் ஏற்கெனவே பிந்திவிட்டீர்கள்.

எல்லையைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோகாதீர்கள். ஒரேஞ், எலுமிச்சைத் தோட்டங்களை அழிக்கிற நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். புளோரிடாவின் தோட்டங்கள் அந்த நோயால் பட்ட பாடு கொஞ்சமில்லை, அதிகாரிகள் கடுமையாக இருப்பதில் நியாயம் உண்டு. காய்ந்த சரக்கைக் கொண்டு சமாளியுங்கள். விறகும் வேண்டாம். ஒன்ராறியோ மருத்துவக் காப்புறுதிக்குப் பன்னிரண்டு மாதத்தில் 212 நாளுக்கு மேல் மாகாணத்துக்கு வெளியே நிற்கக்கூடாது என்பதையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

அற்லாண்டாவுக்குத் தெற்கே, இரவும் பூச்சியத்துக்கு மேலே நிற்கிற இடம் வந்ததும் தண்ணீர் நிரப்பலாம். அடைப்பைப் பூட்டி, அன்ரிஃப்றீஸ் நிறம் போகும்வரை கழுவி, பைபாஸைத் திருப்பி, வாசம் போடாத வெறும் பிளீச்சை ஒரு லீற்றருக்கு ஒரு மில்லிலீற்றர் கணக்கில் கலந்து, எல்லாக் குழாயிலும் வரவைத்து ஒரு இரவு விட்டு, மணம் போகக் கழுவுங்கள். பிறகு எல்லாக் குழாயையும் மூடிவிட்டுப் பம்பைப் போட்டுக் காதுகொடுங்கள். அழுத்தம் ஏறியதும் பம்பு நிற்க வேண்டும். சில நிமிடத்துக்கு ஒரு தடவை தானாக உறுமினால் எங்கோ ஒழுகுகிறது. முதலில் கழிப்பறைக்குப் பின்பக்கம், பிறகு பம்பு வடிகட்டி, பிறகு வெளி ஷவர். மூட்டுப் போயிருந்தால் அரை அங்குல பெக்ஸை நேராக வெட்டி, விளிம்பைத் துடைத்து, தள்ளிப் பூட்டுகிற இணைப்பை ஓர் அங்குலம் உள்ளே தள்ளுங்கள், பத்து நிமிட வேலை. இதற்காக வண்டியில் வைத்திருக்க வேண்டியவை: அந்த இணைப்பில் நான்கு, ஒரு மீற்றர் பெக்ஸ், வடிகட்டிக் கிண்ணம் ஒன்று, ஃபியூஸ்கள், மல்ற்றிமீற்றர், கூரைக்குப் பூசுகிற சீலன்ற் ஒரு குழல். ஒரு காலணிப் பெட்டிக்குள் அடங்கும்.

மண் காயும் இடத்தில் நின்ற முதல் நாளே வண்டியின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவி உப்பைப் போக்குங்கள். பங்குனியில் திரும்பும்போது ரொறன்ரோ வரும்வரை பார்த்திருக்க வேண்டாம். நொக்ஸ்வில்லில் நின்று, இரவு வெப்பநிலையைப் பார்த்து, ஜெலிக்கோ மலை ஏற முன்னமே தண்ணீரை வடித்து அன்ரிஃப்றீஸை ஏற்றிவிடுங்கள். அதற்கு வேண்டிய அன்ரிஃப்றீஸ் கலன்களைத் தெற்கே தேடினால் கிடைப்பது அருமை, போகும்போதே வாங்கிப் பின்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.