பெட்டியின் தடிமன் அல்ல, இடுக்கின் நீளம்

மைக்ரோவேவ் அடுப்பின் பிளக்கைக் கழற்றிவிட்டு (இதை மறக்கவே வேண்டாம்), உள்ளே உங்கள் போனை வைத்துக் கதவைச் சாத்துங்கள். இப்போது வேறொரு போனிலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள். சிக்னல் நன்றாக இருக்கும் இடமென்றால், உள்ளே மணி அடிக்க நிறையவே வாய்ப்புண்டு.

உடனே அடுப்பு கசிகிறது என்று பயப்பட வேண்டியதில்லை. வரும் சிக்னலின் சக்தி பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தால்கூட போன் சமாளித்துக்கொள்ளும், அவ்வளவு காது அதற்கு. போதாததற்கு, அந்தக் கதவின் விளிம்பு அடுப்பின் சொந்த அலைவரிசையான 2.45 ஜிகாஹெர்ட்ஸை மறிப்பதற்கென்றே அளவெடுத்துச் செய்தது, மற்ற அலைவரிசைகளிடம் அது அத்தனை கறாராக இருக்காது.

சரி, உலோகம் அலையை எப்படித் தடுக்கிறது? அலை வந்து படும்போது உலோகத்தின் மேற்பரப்பில் மின்னோட்டம் ஓடுகிறது, அந்த ஓட்டமே எதிர் அலை ஒன்றை உண்டாக்கி வந்ததைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. மிச்சம் உள்ளே இறங்கினாலும் சீக்கிரமே தேய்ந்துவிடும். செம்பில் 1 மெகாஹெர்ட்ஸ் அலை 0.066 மில்லிமீட்டர் போவதற்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும், 1 ஜிகாஹெர்ட்ஸ் என்றால் அதற்கு வெறும் 2 மைக்ரான் போதும். ஆகவே ரேடியோ அலைகளைத் தடுக்கத் தடிமனான உலோகப் பெட்டி தேவையே இல்லை. (50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் வேறு கதை, அங்கே மெல்லிய செம்பு கைகொடுக்காது, மியூ-மெட்டல் போன்ற உலோகக் கலவை வேண்டும்.)

அப்புறம் ஏன் மின்னணுக் கருவிகளை மூடும் இவ்வளவு உலோகப் பெட்டிகள் அலைக்கசிவுச் சோதனையில் தோற்கின்றன? இடுக்குதான் காரணம்.

[திரையில்: ஓர் உலோகத் தகடு, அதில் முடி அளவு மெல்லிய நீள வெட்டு]

மேற்பரப்பில் ஓடும் மின்னோட்டம் இந்த வெட்டைத் தாண்ட முடியாமல் சுற்றிப் போகிறது, வெட்டின் இரு கரைகளுக்கும் நடுவே மின்னழுத்தம் எழுகிறது, அவ்வளவுதான், வெட்டே ஆன்டெனா ஆகிவிட்டது. எவ்வளவு அகலம் என்பதைவிட எவ்வளவு நீளம் என்பதுதான் முக்கியம். 2.4 ஜிகாஹெர்ட்ஸின் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், அதில் பாதி, அதாவது 6 சென்டிமீட்டர் நீளத்துக்கு மூடியும் பெட்டியும் சரியாக ஒட்டாமல் இருந்தாலே போதும். அதே பரப்பை நூறு சின்னத் துளைகளாகப் போட்டால் ஒன்றும் ஆகாது, அடுப்புக் கதவின் சல்லடை நமக்கு உள்ளே காட்டிக்கொண்டே அலையை நிறுத்துவது இப்படித்தான். மூடியில் ஸ்க்ரூக்களை நெருக்கமாகப் போடுவதும், கேஸ்கெட் (இடுக்கை அடைக்கும் மின்கடத்தும் பட்டை) உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டுவதும் இதற்காகத்தான். இத்தனையும் செய்துவிட்டு, ஃபில்டர் (ஒயர் வழியே வரும் அலையை வடிகட்டும் உறுப்பு) இல்லாமல் ஒரே ஒரு ஒயரை உள்ளே விட்டால் மொத்த உழைப்பும் வீண்.

ரேடியோ தொலைநோக்கிக்காரர்கள் பாடு இன்னும் மோசம். வானத்தைக் கேட்கும் டிஷ்ஷை மூடி வைக்க முடியாதே, அதனால் சுற்றியுள்ள மற்ற எல்லாவற்றையும் மூட வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸில் உள்ள 64 மீட்டர் தொலைநோக்கியில் பெரிட்டான் என்று பெயர் வைத்த விசித்திரத் துடிப்புகள் 1998 முதலே பதிவாகிவந்தன. 2015ல்தான் ஆள் பிடிபட்டது: வளாகத்திலிருந்த மைக்ரோவேவ் அடுப்பு. டைமர் முடியும்வரை பொறுக்காமல் யாராவது கதவைத் திறந்தால், அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் குழாய் அணையும் அந்தக் கணத்தில் 1.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒரு வெடிப்பு வெளியே வந்துவிடும். அடுப்பின் ஷீல்டிங்கில், அதாவது அலையை மறிக்கும் உலோக மறைப்பில், எந்தக் குறையும் இல்லை. வானத்திலிருந்து வரும் வேக ரேடியோ வெடிப்புகளும் (கண நேரமே நீடிக்கும் ரேடியோ துடிப்புகள்) இதே போன்ற பொய்யோ என்று அதுவரை இருந்த சந்தேகமும் இதோடு பெரிதும் நீங்கியது. பெரிட்டான்கள் சாப்பாட்டு வேளையையொட்டிக் குவிந்திருந்தன, வானத்து வெடிப்புகளுக்கு அப்படி எந்த நேரக்கணக்கும் இல்லை.