ஆடிக் கறக்கிற மாடும் சிவப்பு பைனும்

அவைத் தலைவர் அவர்களே, "சுருக்கமா பேசுங்க" என்று சொல்லி அனுப்பிய செயலாளர் அவர்களே, விடுமுறை நாளிலும் நம்மை மதித்து வந்திருக்கும் பூங்காத் துறை அதிகாரி அவர்களே, பின்கட்டில் இன்னும் வடை சுட்டுக்கொண்டிருக்கும் சகோதரிகளே, மினியாபொலிஸ் வாழ் தமிழ் மக்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய பெரியவருக்குத் தனி வணக்கம்.

சிவப்பு பைன் 1953 முதல் நம் மினசோட்டாவின் மாநில மரம். இந்த மரம் தழைக்க அவ்வப்போது தீயும் வேண்டும் என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன். அதற்கு முன் என் வழக்கமான பழமொழி: ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும்.

இந்த மரத்தை அடையாளம் காண்பது சுலபம். ஊசியிலைகள் இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கும். ஒன்றை வளைத்தால் வளையாது, பட்டென்று ஒடியும். பட்டை செந்நிறமாகச் செதில் செதிலாக உரியும். காட்டில் நெருங்கி வளரும்போது கீழ்க்கிளைகளைத் தானே உதிர்த்துவிடும். அதனால் தரையோடு வரும் தீ மேலே ஏற வழியில்லை. தடித்த பட்டை உள்ளே சூடு இறங்க விடாது. முந்நூறு ஆண்டு தாண்டி நிற்கும் மரங்கள் உண்டு.

நாலு மணி நேரம் காரில் போனால் இட்டாஸ்கா பூங்கா. மிசிசிப்பி பிறக்கிற ஏரிக்கரை. 1903-ல் அங்கே பொறுப்பில் இருந்தவர் மேரி கிப்ஸ், வயது 24. அப்பா இறந்ததும் அவர் பார்த்த வேலை மகள் கைக்கு வந்தது. 24 வயதில் நம் வீட்டுப் பெண்ணை இரவில் காரெடுத்துப் போக விடுவோமா? யோசியுங்கள். மரம் வெட்டும் கம்பெனிக்காரர்கள் வெட்டிய மரங்களை ஆற்றில் மிதக்கவிட அணை கட்டித் தண்ணீரைத் தேக்கினார்கள். ஏரி பொங்கிக் கரையில் நின்ற மரங்களின் காலடிக்கே வந்துவிட்டது. மதகைத் திற என்றார் மேரி. தொட்டவரைச் சுடுவேன் என்று ஒருவன் துப்பாக்கியோடு நின்றான். கூடப் போன காவலரே தயங்கினார் என்கிறார்கள். மேரி மட்டும் நேரே போய் நெம்புகோலில் கை வைத்தார். "என் கையைச் சுட மாட்டாய்" என்ற பாங்கில் ஏதோ சொன்னாராம். அவன் சுடவில்லை. (கைதட்டல்) ஆனால் சில மாதங்களிலேயே அவர் பதவி போனது. இன்று அங்குள்ள பார்வையாளர் மையத்துக்கு அவர் பெயர். பதவியில் இருக்கும்போது கொடுக்காத மரியாதையைப் பிறகு கொடுப்பதில் நாம் மட்டும் சளைத்தவர்களா என்ன!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோடரியிலிருந்து மரம் தப்பியது. அப்புறம் என்ன ஆயிற்று? தீயே கூடாது என்று அணைத்து அணைத்துப் பழகினோம். அங்கேதான் தப்பு. இதன் கூம்பு முதிர இரண்டு ஆண்டு. நல்ல விதை விளைச்சல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். அந்த விதை சருகு மெத்தையில் விழுந்தால் முளைத்துத் தேறுவது அபூர்வம். அதற்கு வெறும் மண் வேண்டும், தலைமேல் வெயில் வேண்டும். சருகையும் ஹேசல் புதரையும் எரித்து இரண்டையும் கொடுத்தது தீதான். இந்த மண்ணின் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்கள் புளூபெர்ரிப் புதர்களுக்காகக் காட்டில் திட்டமிட்டுத் தீ வைத்தவர்கள். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கத் தெரிந்தவர்கள். பழைய மரங்களின் அடியில் தீ வடுக்களை இன்றும் பார்க்கலாம். அணைக்கப் பழகிய பிறகு பல தோப்புகளில் தாத்தாக்கள் மட்டும் நிற்கிறார்கள், பேரப்பிள்ளைகளைக் காணோம்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆகவே நேராகக் கேட்கிறேன். வசந்தத்தில் வனத்துறையினர் ஈரம், காற்று பார்த்துக் கட்டுப்படுத்திய தீ வைக்கும்போது, "துணியெல்லாம் புகை நாற்றம்" என்று புகார் போன் செய்கிறவர்கள் நம்மிலும் உண்டு. யார் என்று சொல்லமாட்டேன், அவர் முன்வரிசையில் இருக்கிறார். (சிரிப்பு) அன்று ஒரு நாள் ஜன்னலைச் சாத்துங்கள், துணியை உள்ளே காயப்போடுங்கள். தீ வைக்கும் பணிக்கு ஆதரவுக் கடிதம் வடை மேசை ஓரத்தில் இருக்கிறது. கையெழுத்து போட்டுவிட்டு வடையை எடுங்கள். எண்ணெய்க் கையோடு பேனாவைத் தொட வேண்டாம். நன்றி, வணக்கம்.