காலை எழுந்ததும் கை தேடும் சிகரெட்

நேயர்களுக்கு வணக்கம். சிகரெட்டையோ பீடியையோ விட்டு நாலைந்து நாள் ஆன ஒருவரிடம் பேசிப் பாருங்கள், பகலை எப்படியோ ஓட்டிவிடுகிறேன், காலையில் கண் விழித்ததும்தான் தாங்க முடியவில்லை என்பார். புகையிலையை விட நினைப்பவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை, அதனால் இதைக் கேட்காத வாரமே இல்லை. இவருக்கு மனஉறுதி போதாது என்று வீட்டில் பேசுவார்களே, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

நடப்பது இதுதான். புகையிலையில் நம்மை அடிமையாக்கும் பொருள்தான் நிகோட்டின், ரத்தத்தில் அது சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ராத்திரி 10 மணிக்குக் கடைசி சிகரெட் பிடித்துப் படுத்தவருக்குக் காலை 6 மணிக்குப் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். வருஷக்கணக்காக அந்த நேரத்தில் மூளை பசியோடு எழுந்து, முதல் சிகரெட்டில் அடங்கிப் பழகியிருக்கிறது. எழுந்து எத்தனை நிமிடத்தில் பற்ற வைப்பீர்கள் என்று நாங்கள் முதலில் கேட்பதே இதனால்தான், 5 நிமிடத்துக்குள் என்றால் பழக்கம் ஆழமாக வேரூன்றிவிட்டது என்று அர்த்தம். விட்டபிறகு முதல் சில நாட்கள்தான் மோசம், மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும்.

அப்புறம், கூச்சப்பட்டுக்கொண்டு பலரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஒரு தம் இழுத்தால்தான் வெளிக்கே போகும் என்று இருப்பவர்கள் நிறைய. அது கற்பனை இல்லை, நிகோட்டின் குடலைத் தூண்டும், விட்டதும் கொஞ்ச நாள் மலச்சிக்கல் வரும். வயிறு சரியாக வேண்டுமே என்று பற்ற வைத்து, மறுபடி பழைய கணக்குக்கே போனவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர், ஒரு சின்ன நடை, முந்தின ராத்திரி கொய்யாவோ வாழைப்பழமோ. குடல் தன் வேலையைத் தானே செய்யப் பழக ஒன்றிரண்டு வாரம் கொடுங்கள்.

அடுத்து டீ, காபி. சிகரெட் புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரலை முடுக்கி, காபியில் இருக்கும் காஃபீனை வேகமாக வெளியேற்ற வைக்கும். புகை நின்றதும் அந்த வேகமும் குறைந்துவிடும், நீங்கள் குடிப்பது அதே இரண்டு டம்ளர் காபிதான், ஆனால் உடம்பில் காஃபீன் முன்னைவிட அதிக நேரம் தங்கும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கக் குறைவு, எல்லாம் சிகரெட் இல்லாததால் என்று நினைத்துக்கொள்வீர்கள். காபியைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். டீயை முதல் சில வாரம் வீட்டிலேயே குடியுங்கள். கடை வாசலில் லைட்டர் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும், பக்கத்தில் நிற்பவர் பற்ற வைப்பார், பாய்லர் சத்தம் கேட்டாலே கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். அங்கே நின்று மனதோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியமே இல்லை.

சிகரெட்டுக்குப் பதிலாக மெல்லும் நிகோட்டின் சூயிங்கம் வாங்கி வைத்தும் பயனில்லை என்பவர்கள், மென்ற விதத்தைச் சொல்லச் சொன்னால் காரணம் தெரிந்துவிடும். மிட்டாய் போலச் சரசரவென்று மென்று எச்சிலை விழுங்கினால் விக்கலும் குமட்டலும்தான் மிஞ்சும். நாலைந்து தடவை மெதுவாக மெல்லுங்கள், காரம் போலச் சுறுசுறுவென்று வந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவிடுங்கள், அது அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். சுமார் அரை மணி நேரம். டீ குடித்து 15 நிமிடத்துக்குள் போட்டால் நிகோட்டின் சரியாக உள்ளே இறங்காது, அதனால் பல் தேய்த்ததும் கம், அது முடிந்தபிறகு டீ. இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கேட்காமல் தொடவேண்டாம். எழுந்ததுமே பற்ற வைத்துப் பழகியவர்கள், எந்த அளவு கம் என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

வேட்கை பொங்கி வரும்போது அது பெரும்பாலும் சில நிமிடங்கள்தான் உச்சத்தில் இருக்கும். குளிக்கப் போய்விடுங்கள், தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு யாரும் சிகரெட் பிடிக்க முடியாது. வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள், காலையில் எழுந்த முதல் அரை மணி நேரத்தில் சிகரெட்டை விட்டவர் எரிந்து விழுந்தால் பதிலுக்குப் பேசாதீர்கள், பால் பாக்கி கணக்கையெல்லாம் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

தனியாகச் சமாளிக்க முடியவில்லையென்றால் தேசிய புகையிலை நிறுத்த உதவி எண் இருக்கிறது, கட்டணம் கிடையாது, சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். பேனா எடுத்துக்கொள்ளுங்கள்: 1800 11 2356. இன்னொரு தடவை சொல்கிறேன், 1800 11 2356.