மந்தையின் அளவை யார் முடிவு செய்வது?

நேயர்களுக்கு வணக்கம்.

நார்வேயின் வடகோடியில் உள்ள ஃபின்மார்க் பகுதியில் வட ஐரோப்பாவின் பூர்வகுடிகளான சாமி இன மேய்ப்பர் ஒருவரைச் சந்திக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதை வேண்டுமானாலும் கேளுங்கள், "உங்களிடம் எத்தனை துருவமான் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். முன்பின் தெரியாதவரிடம் வங்கியில் எவ்வளவு போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிற மாதிரி அது. அந்த நாட்டு அரசு ஆண்டுதோறும் இதே கேள்வியைப் படிவமாக அனுப்புகிறது, பதில் எழுதித்தான் ஆக வேண்டும். அப்புறம், எத்தனை இருக்கலாம் என்பதிலும் கடைசிச் சொல் அதனுடையதுதான். நான் பேச வந்தது அதைப் பற்றி.

துருவமான் என்று நான் சொல்வது ரெயின்டீரை. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் சறுக்குவண்டி இழுக்குமே, அதேதான்.

சாமி மேய்ப்பில் மான் தனி ஆளுக்குச் சொந்தம். காதில் கத்தியால் வெட்டிய அடையாளத்தைப் பார்த்தே யாருடையது என்று சொல்லிவிடுவார்கள். குழந்தைகளுக்கும் தனி அடையாளம் உண்டு. ஆனால் மேய்ப்பது கூட்டாக. சில குடும்பங்கள் சேர்ந்து மந்தையையும் உழைப்பையும் ஒன்றாக்கிக்கொள்ளும் அந்த அமைப்புக்குப் பெயர் சீடா. கோடையில் கடலோரம், குளிர்காலத்தில் உள்நாட்டுப் பீடபூமி. பருவத்துக்குப் பருவம் சீடாவில் யார் யார் என்பதும் மாறும். யார் எங்கே போவது, எப்போது கிளம்புவது என்பதையெல்லாம் வானத்தையும் பனியையும் பார்த்துத் தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொண்டார்கள். 'ஒரு வருடம் இன்னொரு வருடத்துக்குச் சகோதரன் இல்லை' என்பது அவர்களுடைய பழமொழி.

1978இல் வந்த சட்டம் இந்தச் சீடாவைக் கண்டுகொள்ளவில்லை. அதன் கண்ணில் பட்டது உரிமம் பெற்ற தனித்தனி 'தொழில் அலகு'. பெரும்பாலும் அது வீட்டு ஆணின் பெயரில் பதிவானது. அதுவரை தன் காதடையாளத்தோடு தன் மான்களை வைத்திருந்த பெண், அரசுக் காகிதத்தில் கணவரின் அலகுக்குள் போய்விட்டார். 2007இல் வந்த புதிய சட்டம்தான் சீடாவை மறுபடி பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டது. கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து!

சரி, மேய்ப்பர்களுக்கு நிர்வாகத்தில் இடமே இல்லையா என்றால், இருக்கிறது. அவர்களுடைய தேசியச் சங்கம் 1947இலேயே தொடங்கியது. 1976 முதல் அந்தச் சங்கமும் அமைச்சகமும் மானியங்களைப் பேசி ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. துருவமான் வளர்ப்பு வாரியத்தில் ஏழு பேர். நான்கு பேரை அமைச்சகம் நியமிக்கிறது, மூன்று பேரை, சாமி மக்கள் தேர்ந்தெடுக்கும் சாமி நாடாளுமன்றம். ஏழில் மூன்று என்றால் என்னவென்று நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வட்டார அளவில் இருந்த வாரியங்களை 2014இல் கலைத்து, வேலையை மாவட்ட ஆளுநர்களிடம் கொடுத்துவிட்டார்கள். சாமி நாடாளுமன்றம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தது.

நாற்காலிக் கணக்கைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. நல்ல மந்தை எது என்பதிலேயே இரு தரப்புக்கும் ஒத்துப்போகவில்லை. அதிகாரிகளின் கணக்கு இது: இலையுதிர் காலத்தில் கன்றுகளை இறைச்சிக்கு அனுப்பு, ஈனும் பெட்டைகளை வைத்துக்கொள், ஆண்களைக் குறை. காயடித்த ஆண் எதற்கு? ஈனவும் ஈனாது, தீனி மட்டும் தின்னும். மேய்ப்பரைக் கேட்டால் கதையே வேறு. குளிர்காலத்தில் பனி இறுகிப் பாறையாகும்போது, குளம்பால் தோண்டி அடியில் தரையில் படர்ந்திருக்கும் பாசி போன்ற லைக்கனை எட்டும் வலு அந்தக் காயடித்த ஆணுக்குத்தான் உண்டு. அது தோண்டிய குழியில் மற்றவையும் வாய் வைக்கும். மந்தையை மிரளாமல் அமைதியாக வைத்திருப்பதும் அதுதான். அதனால் பல வயது, பல குணம் கலந்த மந்தையைத்தான் அவர்கள் 'அழகான மந்தை' என்பார்கள். அலுவலகக் கணக்கில் இந்த அழகுக்கு ஒரு கட்டமும் கிடையாது.

அரசு சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1980களில் ஃபின்மார்க்கில் மந்தைகள் மிகவும் பெருகின, பீடபூமியில் லைக்கன் தேய்ந்தது. மேய்ப்பர்களுக்குள்ளும் பெரியவர், சிறியவர் உண்டு. பக்கத்து நாடான சுவீடனில் மேய்ப்புச் சமூகக் கூட்டத்தில் சில விஷயங்களுக்கு மான் எண்ணிக்கையை வைத்துத்தான் வாக்கு. நூறு மானுக்கு ஒன்று என்ற கணக்கு. அங்கே இளைஞர் குரல் எவ்வளவு எடுபடும்?

நார்வேயின் 2007 சட்டத்தில், மேய்ப்பர்களின் ஒவ்வொரு மேய்ச்சல் வட்டாரமும் தனக்கான விதிகளைத் தானே எழுதலாம், மான்களின் உச்ச எண்ணிக்கை உட்பட. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வாரியம் ஒப்புதல் தர வேண்டும். மேற்கு ஃபின்மார்க்கில் பல வட்டாரங்கள் எழுதி அனுப்பியது செல்லவில்லை, எண்ணிக்கையை வாரியமே நிர்ணயித்தது. எப்படிக் குறைப்பது என்று சீடாவுக்குள் உடன்பாடு வராவிட்டால், எல்லாரும் ஒரே விகிதத்தில் குறைக்க வேண்டும். ஆயிரம் வைத்திருப்பவருக்கும் நூறு வைத்திருப்பவருக்கும் ஒரே சதவீதம்.

அதில் மாட்டியவர் யொவ்செட் ஆன்தே சாரா என்ற இளைஞர். 116 மான்களை 75 ஆகக் குறைக்கச் சொன்னது உத்தரவு. 75ஐ வைத்துக்கொண்டு பிழைப்பு நடக்காது என்று வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றத்தில் வென்றார், மேல்முறையீட்டிலும் வென்றார். 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்.

அவருடைய அக்கா மாரெத் ஆன்னே சாரா ஒரு கலைஞர். 2016இல் முதல் வழக்கு நடந்தபோது, நீதிமன்றத்துக்கு வெளியே 200 மான் தலைகளைக் குவித்து வைத்தார். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த அந்த டிசம்பரில், குண்டு துளைத்த 400 மான் மண்டையோடுகளைக் கோத்துச் செய்த ஒரு திரையை, ஒஸ்லோவில் நார்வே நாடாளுமன்றத்தின் முன் தொங்கவிட்டார். பின்னர் அதை விலைக்கு வாங்கியது நார்வேயின் தேசிய அருங்காட்சியகம். 2022இல் புதிய கட்டடம் திறந்தபோது, உள்ளே வந்தவர்கள் கண்ணில் முதலில் பட்டவற்றில் ஒன்று அந்தத் திரை.

வணக்கம்.