பாட்டர் ஏன் தப்பினார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இத்தனை நேரமாகியும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

"சாவையும் மறுமையையும் காட்டிய பழைய ஹாலிவுட் படங்கள் தந்தது ஆறுதலா, ஏமாற்றா?" இதுதான் தலைப்பு. ஏமாற்றே என்று பேசிய எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டார். போரில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு மேகத்தையும் புகையையும் காட்டி டிக்கெட் விற்றார்கள் என்றார். கைதட்டலும் வாங்கிவிட்டார். வாங்கட்டும். ஐயா படங்களைக் கடைசிவரை பார்த்தாரா என்பதுதான் என் சந்தேகம்.

அவரே சொன்ன 'ஹியர் கம்ஸ் மிஸ்டர் ஜோர்டன்', 1941. குத்துச்சண்டைக்காரன் ஜோ பெண்டில்டன் ஓட்டிப்போன விமானம் விழுகிறது. பாவம், வலிக்குமே என்று இரக்கப்பட்டு, அது மோதுவதற்கு முன்பே உயிரைப் பிடுங்கிக்கொண்டு போகிறான் மேலுலகத் தூதன். ஏட்டைப் புரட்டினால் ஆயுள் இன்னும் 50 வருஷம் பாக்கி! சித்திரகுப்தன் ஆபீஸில் நேற்றுச் சேர்ந்த குமாஸ்தா செய்த கோளாறு மாதிரி. திரும்பி வந்தால் உடம்பை எரித்தாகிவிட்டது. எதிரணி இங்கேயே சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டது. முடிவில் ஜோவுக்கு வேறொரு வீரனின் உடம்பு கிடைக்கிறது, பட்டமும் கிடைக்கிறது. ஆனால் தான் ஜோ என்ற நினைப்பே அழிந்துபோகிறது. கூடவே இருந்த மேனேஜர் கார்க்கிளோடு ஜோவாகப் பழகிய நினைவும் போய்விடுகிறது. உயிர் திரும்பியது, ஆள் திரும்பவில்லை. ஏமாற்ற வந்தவன் கதையை இப்படியா முடிப்பான்?

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1939-ல், 'ஆன் பாரோட் டைம்'. எதிரணி இதைத் தொடவே இல்லை, தொட்டால் சுடும். அப்பா அம்மாவை விபத்தில் இழந்த சின்னப் பையன் பட். அவனுக்கு மிச்சமிருப்பது சக்கர நாற்காலித் தாத்தா. தாத்தாவாக நடித்த லயனல் பேரிமோர் நிஜத்திலும் அப்போது சக்கர நாற்காலியில்தான் இருந்தார். அந்த வீட்டு ஆப்பிள் மரத்தில் ஏறுகிறவர் தாத்தா சொல்லாமல் இறங்க முடியாது. மரணம் மிஸ்டர் பிரிங்க் என்ற பெயரில் மரியாதையான ஆசாமியாகத் தாத்தாவை அழைத்துப்போக வருகிறது. எனக்கொரு பழம் பறித்துத் தாருங்கள் என்று ஏற்றிவிடுகிறார் கிழவர். மாட்டிக்கொண்டார் பிரிங்க்! ஊரில் யாருக்கும் சாவு கிடையாது.

நடுவர் அவர்களே, ஏமாற்றுப் படமாக இருந்தால் இங்கே 'சுபம்' போட்டிருக்க வேண்டும். போடவில்லை. டாக்டர் வந்து மன்றாடுகிறார்: வலியில் துடிக்கிறவர்களுக்கு விடுதலையே இல்லை, அவரை இறக்கிவிடுங்கள் என்று. கிழவர் மசியவில்லை. பேரனை யாரிடம் விடுவார்? கடைசியில் அந்தப் பேரனே விழுந்து, தீராத வலியில் கிடக்கிறான். யாரை மரத்தில் பூட்டினாரோ அவரையே, இறங்கி வா என்று தாத்தா கெஞ்சுகிறார். பிறகு மறுமையில் தாத்தாவும் பேரனும் கைகோத்து நடந்து போவதும், முன்பே இறந்த பாட்டியின் குரல் கேட்பதும் இனிப்புத்தான். மறுக்கவில்லை. ஆனால் அந்த இனிப்பைத் தருவதற்கு முன், சாவே இல்லாத உலகம் எவ்வளவு கொடியது என்பதைக் கண்ணெதிரே காட்டிவிட்டார்கள்.

போரின் நடுவே வந்த 'எ கை நேம்ட் ஜோ', 1943. செத்த விமானி ஆவியாக நின்று ஓர் இளைஞனுக்கு விமானம் ஓட்டத் துணை நிற்கிறான். தன் காதலி அந்த இளைஞனையே விரும்புவதையும் பார்க்கிறான். போனவன் திரும்பி வருவான் என்று எந்தப் பெண்ணுக்கும் அந்தப் படம் சொல்லவில்லை.

கடைசியாக, 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்', 1946. பணம் தொலைந்து தற்கொலைக்குப் போன நாயகன் ஜார்ஜிடம் தேவதை வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதாம்! முதலில், டிக்கெட் விற்ற கதைக்கு வருகிறேன். வெளிவந்தபோது இந்தப் படம் போட்ட காசையே எடுக்கவில்லை. தேவதை கிளாரன்ஸ் கையில் ஒரு காசும் கிடையாது. தொலைந்த 8,000 டாலருக்காக வீட்டுக்குள் வந்து பணத்தைக் கொட்டுவது ஊர்க்காரர்கள். அந்தப் பணம் எங்கே போயிற்று? பணக்கார பாட்டர் கைக்குத் தற்செயலாக வந்தது, அமுக்கிக்கொண்டார். குற்றவாளி தண்டனையில்லாமல் தப்பக்கூடாது என்று ஹாலிவுட் தணிக்கை கறாராக இருந்த காலம் அது. வானமே இறங்கி வந்த படத்தில் பாட்டர் மாட்டவே இல்லை! மக்களை மயக்கத்தான் எடுத்தார்கள் என்றால், அந்த ஆளை ஏன் தப்பவிட்டார்கள்? அடுத்துப் பேச வரும் அம்மையார் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசட்டும். மேலே போக வேண்டாம், பேசினால் போதும்.