ஏழாம் ஆண்டில் எதைச் சாப்பிடுவோம்?

பிரியமானவர்களே,

லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தில் ஒரு விவசாயியின் கேள்வி இருக்கிறது. விதைக்கவும் கூடாது, விளைந்ததைச் சேர்க்கவும் கூடாது என்றால் ஏழாம் ஆண்டில் எதைச் சாப்பிடுவோம்? அவன் வாய் திறக்குமுன்பே கர்த்தர் அதை எடுத்துச் சொல்லிவிடுகிறார். அந்தப் பயத்துக்காக அவனைக் கடிந்துகொள்ளவில்லை, பதில் தருகிறார்.

கட்டளை இதுதான். ஆறு ஆண்டு வயலில் விதைக்கலாம், திராட்சைக் கொடியைக் கிளை நறுக்கலாம். ஏழாம் ஆண்டு நிலத்துக்கு ஓய்வு. தானாக முளைத்ததைக்கூடத் தன் களஞ்சியத்துக்கென்று அறுத்துக் குவிக்கக் கூடாது.

இதன் பாரம் புரிய அந்தத் தேசத்தின் விதைப்புப் பட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அக்டோபர், நவம்பரில் முன்மாரி பெய்ததும் விதைப்பார்கள். ஏப்ரல் வாக்கில் வாற்கோதுமை, மே, ஜூனில் கோதுமை அறுவடை. ஆறாம் ஆண்டுக் கோதுமையை அறுத்த பிறகு வருகிற மழைக்கு விதைப்பு இல்லை. அதற்கடுத்த மழைக்கு விதைத்துக் கதிர் முற்றுவதற்குள் இரண்டு ஆண்டு ஓடிவிடும். அதுவரை சாப்பாடும் விதைத் தானியமும் ஒரே அறுவடையிலிருந்து வர வேண்டும். அதனால்தான் ஆறாம் ஆண்டிலேயே மூன்று ஆண்டுப் பலனைத் தருவேன் என்கிறார். ஓய்ந்திருந்ததற்குக் கூலியாகப் பிறகு தருவதல்ல, முன்கூட்டியே தருவது.

சோதனையும் அங்கேதான். களம் நிறைந்து கிடக்கும்போது, "இது அடுத்த ஆண்டுக்காக அவர் தந்தது" என்று ஒரு மனம் சொல்லும். "என் உழைப்பு பலித்தது, இன்னும் கொஞ்சம் விதைத்தால் என்ன" என்று இன்னொரு மனம் சொல்லும். இல்லாதபோது நம்புவதைவிட, கை நிறைந்திருக்கும்போது நம்புவது கடினம் என்றே நினைக்கிறேன்.

அந்த ஆண்டு விளைந்தது யாருக்கு? நிலத்துக்காரன், வேலைக்காரன், வேலைக்காரி, கூலிக்காரன், அந்நியன், வீட்டு மிருகம், காட்டு மிருகம் எல்லாருக்கும். சொந்த வயலுக்குள் அவனும் அந்நியனைப்போலவே அன்றன்றைக்குத் தேவையானதைப் பறித்துக்கொண்டு போக வேண்டும். ஆதியாகமம் முதல் அதிகாரத்தின் முடிவைப் பாருங்கள். மனிதனுக்கு விதை தரும் பயிர்களும் கனிமரங்களும், மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் பசும் பூண்டுகளும் ஆகாரமாகக் கொடுக்கப்படுகின்றன. தோட்டத்தைப் பண்படுத்தும் வேலை இரண்டாம் அதிகாரத்தில்தான் வருகிறது. உழைப்பதற்கு முன்பே பந்தி போடப்பட்டிருந்தது. ஏழாம் ஆண்டு அந்தப் பந்திக்குத் திரும்புகிற ஆண்டு.

மனிதர் இதை எங்கே உடைத்தார்கள் என்பதையும் வேதம் மறைக்கவில்லை. ஏழாம் ஆண்டில் கடனையும் விட்டுவிட வேண்டும். அது கிட்டிவிட்டதென்று எண்ணி ஏழைக்குக் கடன் கொடுக்க மறுக்காதே என்று உபாகமம் 15 எச்சரிக்கிறது. எரேமியா 34-இல், யூதாவின் அரசன் சிதேக்கியாவின் நாட்களில், ஆறு ஆண்டு உழைத்தபின் ஏழாம் ஆண்டில் விடவேண்டிய அடிமைகளை உடன்படிக்கை செய்து விடுதலையாக்கியவர்களே மனம் மாறி அவர்களைத் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு எருசலேம் பாபிலோனியரிடம் விழுந்தது, ஜனங்கள் சிறைப்பட்டுப் போனார்கள். எழுபது ஆண்டு முடியும்வரை தேசம் பாழாய்க் கிடந்து தன் ஓய்வு நாட்களை அனுபவித்தது என்று இரண்டாம் நாளாகமத்தின் கடைசி அதிகாரம் எழுதுகிறது. மனிதர் கொடுக்காத ஓய்வை நிலம் அப்படிப் பெற்றது.

சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் நெகேமியா 10-இல் முத்திரை போட்ட உடன்படிக்கையில், ஏழாம் ஆண்டில் நிலத்தை விதைக்காமல் விடுவோம், கடன்களையும் விட்டுவிடுவோம் என்று எழுதினார்கள். வயலை அடகு வைத்துத் தானியம் வாங்கியவர்கள் அவர்களுக்குள்ளேயே இருந்தார்கள். ஐந்தாம் அதிகாரம் அதைச் சொல்கிறது.

வாக்குத்தத்தத்தை யாரும் வியாபாரக் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யூதரின் பிற்கால வரலாற்றைச் சொல்லும் மக்கபேயர் முதல் நூல் 6-ஆம் அதிகாரத்தில், யூதரின் கையிலிருந்த பெத்சூர் நகரம் முற்றுகையிடப்படுகிறது. உள்ளே தானியம் இல்லை. அது நிலத்துக்கு ஓய்வாண்டு. அவர்கள் நகரத்தை ஒப்புக்கொடுத்துவிட்டு வெளியேறினார்கள். அவர்கள் விதைக்காமல் விட்ட வயல்கள் அந்த மதில்களுக்கு வெளியே கிடந்தன.