மீட்டர் பெட்டியைப் பார்த்தவள்

(தர்மபுரியில் ஒரு பட்டிமன்றம். தலைப்பு: பொறியியல் படித்த பெண் நிதித்துறைக்குப் போவது படிப்புக்கு நட்டமா, லாபமா? "லாபமே" என்ற அணியின் உரை.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சீரியலை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். தகடூர் மேடை என்றால் அதியமானையும் நெல்லிக்கனியையும் சொல்லித்தான் தொடங்குவார்கள். எனக்குக் கொடுத்திருப்பதோ எட்டு நிமிடம். நெல்லிக்கனியை எதிரணிக்கே விட்டுவிடுகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். பாலக்கோடு பக்கத்துப் பெண். அரசுப் பொறியியல் கல்லூரியில் ட்ரிபிள்இ, அதாவது மின்சாரம், மின்னணுவியல் பொறியியல் முடித்தவள், இப்போது ஓசூரில் ஒரு நிதி நிறுவனத்தில் தொழில் கடன் பிரிவில் இருக்கிறாள். "நாலு வருஷம் மோட்டாரையும் டிரான்ஸ்ஃபார்மரையும் படித்துவிட்டு பேலன்ஸ் ஷீட் புரட்டுகிறாள், ஒரு அரசு சீட் வீணாகிவிட்டது" என்று வருத்தப்பட்டார். கைதட்டலும் வாங்கினார். அண்ணே, அந்தப் பெண்ணை எனக்கும் தெரியும். வீணானதா என்று அவள் வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பார்த்துவிடலாம், வாருங்கள்.

ஓசூர் சிப்காட்டைச் சுற்றிச் சின்னச் சின்னப் பட்டறைகள், பெரிய ஆலைகளுக்கு உதிரிப் பாகம் கடைந்து கொடுப்பவை. அதில் ஒருவர் இரண்டாவது சிஎன்சி மெஷின், அதாவது கம்ப்யூட்டர் சொல்லக் கேட்டு இரும்பைக் கடையும் மெஷின், வாங்கக் கடன் கேட்கிறார். கொட்டேஷன் இருக்கிறது, ஜிஎஸ்டி கணக்கு இருக்கிறது, மூன்று வருட வரவு செலவும் சுத்தமாக இருக்கிறது. தாளை மட்டும் பார்ப்பவர் அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பார். இவள் பட்டறைக்கு நேரில் போனாள். போனவள் மெஷினைப் பார்க்கவில்லை, நேராக மீட்டர் பெட்டியிடம் போய் நின்றாள். "சார், ஈபியில் எத்தனை கிலோவாட் சாங்ஷன் வாங்கியிருக்கீங்க? இந்த மெஷினும் கம்ப்ரசரும் ஓடும்போதே லோடு எல்லையைத் தொட்டுடுச்சே, புது மெஷின் எதில் ஓடும்?"

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. கூடுதல் லோடுக்கு, அதாவது கூடுதல் கரண்டு இழுக்கும் அனுமதிக்கு, அவர் விண்ணப்பமே போடவில்லை. மெஷின் வந்து இறங்கியிருந்தால் தவணை அடுத்த மாதமே தொடங்கிவிடும், மெஷினோ தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கரண்டுக்காகக் காத்திருக்கும். முதலில் லோடை ஏற்றச் சொன்னாள், அப்புறம் கடன் கொடுத்தாள். பட்டறை இன்றும் ஓடுகிறது. அந்தக் கேள்வியை பி.காம் படித்த நான் கேட்டிருப்பேனா? மீட்டர் பெட்டியைப் பார்த்தால் பில் எவ்வளவு வருமோ என்ற கவலை மட்டும்தான் எனக்கு வரும்.

சரி, அது கரண்டு விஷயம், வட்டிக்கும் பொறியியலுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். "ஃபிளாட் 12 பர்சன்ட்" என்று ஒரு கடன் தருகிறார்கள், அதாவது கடைசி வரை முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் வட்டி. 1,20,000 ரூபாய், 12 மாதத் தவணை. வட்டி 14,400, ஆக மாதம் 11,200 கட்ட வேண்டும். பன்னிரண்டுதானே என்று நாமும் கையெழுத்துப் போடுகிறோம். ஆனால் அசல் மாதாமாதம் குறைகிறதே! பதினோரு மாதம் கட்டிய பிறகு அசலில் மிச்சம் 10,000. அதற்கும் வட்டி, முதல் மாதம் வாங்கிய அதே 1,200. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்குச் சுமார் 21.5 சதவீதம்.

இந்த 21.5 ஒரே வரிச் சூத்திரத்தில் வந்து விழாது. ஒரு விகிதத்தை உத்தேசமாக வைத்து, எவ்வளவு பிசகுகிறது என்று பார்த்து, திருத்தித் திருத்தி நெருங்க வேண்டும். அதற்கு ஒரு வழி நியூட்டன்-ராப்சன் முறை. பொறியியல் பிள்ளைகள் நியூமெரிக்கல் மெத்தட்ஸ் பேப்பரில் படிக்கிறார்களே, அதேதான். அதில் அரியர் வைத்தவர்கள் இங்கேயே இருப்பார்கள். பின்வரிசையில் ஒரு தம்பி தலையைக் குனிகிறார், பாருங்கள்.

ரகுராம் ராஜன் டெல்லி ஐஐடியில் எலக்ட்ரிக்கல் படித்தவர். 2013இல் ரிசர்வ் வங்கி ஆளுநரானார். பொருளாதாரத்துக்காக 1997இல் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் மெர்ட்டன் முதலில் படித்தது பொறியியல் கணிதம். அவர்களைப் பார்த்து யாராவது சீட் வீண் என்றார்களா? பாலக்கோட்டுப் பெண் போனால் மட்டும் ஊருக்கே வலிக்கிறது!

பொறியியலை அவள் எப்படித் தேர்ந்தெடுத்தாள் என்றும் கேளுங்கள். பதினேழு வயதில், கட் ஆஃப் மார்க், வீட்டிலிருந்து பஸ் வசதி, மாமா சொன்ன ஒரு வார்த்தை, இந்த மூன்றும் சேர்ந்து தேர்ந்தெடுத்தன. நிதித்துறையைத் தேர்ந்தெடுத்தது அவள். அதுவும் திடீரென்று இல்லை. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் தொடங்கியது இந்தத் தர்மபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரியும் அப்போது நம்மோடு இருந்தது, 2004இல்தான் தனி மாவட்டமானது. அந்தப் பெண்ணின் அம்மா அப்படி ஒரு குழுவில் ஊக்குநர். யார் சந்தா கட்டினார், யாருக்கு உள்கடன் போனது, யார் தவணை தவறினார் என்று திண்ணையில் உட்கார்ந்து நோட்டில் எழுதியது எட்டாம் வகுப்புப் படித்த இதே பெண். டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்பே அவளுக்குக் கடன் நோட்டு பழக்கம் நடுவர் அவர்களே.

எல்லோரும் இப்படிப் போய்விட்டால் டிரான்ஸ்ஃபார்மரை யார் பார்ப்பது என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். எல்லோரையும் போகச் சொல்லி நானும் வாதாடவில்லை. போன ஒருத்தியைத் தோற்றவள் என்று சொல்லாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச வரும் எதிரணி அக்காவுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் ஸ்கூட்டர் கடன் ஃபிளாட் வட்டியா, குறையும் அசலுக்கு வட்டியா என்று இந்த மேடையிலேயே சொல்லிவிட்டு அப்புறம் பேசுங்கள். தெரியவில்லை என்றால் பரவாயில்லை, கூட்டம் முடிந்ததும் அந்தப் பெண்ணிடம் நானே அழைத்துப் போகிறேன். வணக்கம்.